ஒளி புகுந்த கதை – 7: தீபம் தெரியாத கண்கள்

போன வாரம் தஞ்சாவூரில் நிறுத்தினோம். சரபோஜி மன்னர் கண்நோயாளிகளின் கண்களை ஓவியரைக் கொண்டு வரையச் செய்து, கூடவே நோய்க்குறிப்பும் எழுதவைத்தார். அந்தத் தாள்கள் சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. புரை விழுந்த கண்ணைக் கீறிப் புரையை வெளியே எடுக்க அந்தக் காலத்திலேயே தெரிந்திருந்தது. எடுத்த இடம் காலியாகக் கிடக்கிறதே, அங்கே எதை வைப்பது? அந்தக் கேள்வியோடுதான் அத்தியாயத்தை முடித்திருந்தேன்.

ஒருவர் வைத்துப் பார்த்தார். சரபோஜி அரியணை ஏறுவதற்குச் சில வருடங்கள் முன்பு, 1795 வாக்கில், ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் காசாமாட்டா என்ற கண் வைத்தியர் கண்ணாடியில் ஒரு லென்ஸ் செய்து நோயாளியின் கண்ணுக்குள் போட்டார். அது நிற்கவில்லை. பிடிமானம் இல்லாமல் நேராகக் கண்ணின் பின்பக்கம் போய் விழுந்தது. அதற்கப்புறம் ஏறக்குறைய நூற்றைம்பது வருடம் அந்த வேலையை யாரும் துணிந்து கையில் எடுக்கவில்லை.

அந்த நூற்றைம்பது வருடத்தைத் தாண்டி இந்த வாரம் திருவண்ணாமலைக்கு வாருங்கள்.

கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம். மாட வீதிகளில் கால் வைக்க இடமில்லை. கோயிலுக்குள்ளே அர்த்தநாரீசுவரர் வருஷத்தில் அந்த ஒரு நாள், சில நிமிடங்கள் மட்டும், கொடிமரத்தருகே வந்து ஆடிவிட்டு உள்ளே திரும்புவார். அதே நேரத்தில் 2,668 அடி உயரத்தில், மலையுச்சிக் கொப்பரையில், பருவதராஜ குலத்தார் திரியைப் பற்றவைப்பார்கள். ஊர் முழுக்க மேற்கே திரும்பி "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று கத்தும். மொட்டைமாடியில், பேருந்து நிலையத்தில், பதினாலு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், எங்கே நின்றாலும் தீபம் தெரியும்.

கண் இருந்தால் தெரியும். அந்தக் கூட்டத்தில் பேரனின் தோளைப் பிடித்தபடி நிற்கும் ஆயாக்களைப் பார்த்திருப்பீர்கள். பேரன் கையை நீட்டி "அதோ ஆயா" என்பான். ஆயா கும்பிடுவாள். அவள் கும்பிடுவது பேரன் காட்டிய திசையை. கண்ணில் பூ விழுந்து எத்தனையோ தீபம் ஆகியிருக்கும்.

இந்த ஊரின் தலபுராணமே கண்ணை மூடிய கதைதான் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். பார்வதி விளையாட்டாகச் சிவனின் கண்களைப் பொத்தினாள். சூரியனும் சந்திரனும் அந்தக் கண்களே ஆனதால் உலகம் இருண்டுபோனது. அந்தப் பிழைக்காக அவள் காஞ்சியில் தவம் செய்து, பிறகு அண்ணாமலைக்கு வந்து பவழக்குன்றில் தவமிருந்து, கார்த்திகை தீபத்தன்று சிவனின் இடப்பாகத்தைப் பெற்றாள். கண் மருத்துவத்துக்கென்று ஒரு திருத்தலம் ஒதுக்கச் சொன்னால் என் ஓட்டு இந்த ஊருக்குத்தான்.

புராணத்தை விட்டு மனிதக் கண்ணுக்கு வருவோம். கருவிழிக்குப் பின்னால், பாப்பாவுக்கு அந்தப் பக்கம், தெளிந்த நீர்போல ஒரு லென்ஸ் இருக்கிறது. வெளிச்சத்தைக் குவித்து விழித்திரையில் விழவைக்கும் வேலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதனுடையது. மீதி கருவிழியின் பங்கு. வயதாக ஆக அந்த லென்ஸ் கலங்கும். முதலில் புகை, பிறகு மஞ்சள், கடைசியில் வெள்ளை. புரை என்பது கண்மேல் வளர்கிற சதை என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். உள்ளே இருக்கும் லென்ஸேதான் புரையாகிறது. ஆகவே புரையை எடுப்பதென்றால் லென்ஸையே எடுப்பது.

அந்த வேலை இந்தப் பக்கம் எப்படி நடந்தது? திருவண்ணாமலை அன்று வேலூரோடு சேர்ந்த வட ஆர்க்காடு மாவட்டம்; தனி மாவட்டமானது 1989இல்தான். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையிலிருந்து டாக்டர் விக்டர் ராம்போ என்ற அமெரிக்கர் 1947 முதல் கிராமம் கிராமமாகக் கண் முகாம் நடத்தத் தொடங்கினார். நோயாளி மருத்துவமனைக்கு வரமாட்டார், மருத்துவமனை நோயாளியிடம் போகட்டும் என்பது அவர் கணக்கு. பள்ளிக்கூடமோ சத்திரமோ அன்றைக்கு அறுவை அரங்கமாகும். புரையை உறையோடு சேர்த்து முழுதாக எடுப்பார்கள். கட்டுப்போட்டு, தலையை அசைக்கக்கூடாது என்று சொல்லி, நாள்கணக்கில் மல்லாக்கப் படுக்கவைப்பார்கள். காயம் ஆறியதும் ஒரு கண்ணாடி கொடுப்பார்கள். பிளஸ் பத்து பவர்.

அந்தக் கண்ணாடியைப் போட்டவர்களை நாற்பது வயதைத் தாண்டிய தமிழர் யாரும் மறந்திருக்க முடியாது. சோடாபுட்டிக் கண்ணாடி. அதற்குப் பின்னால் கண் இரண்டும் கோழிமுட்டை அளவுக்குத் தெரியும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது சிரிப்பு. உள்ளிருந்து பார்ப்பவர்பாடு வேறு. எல்லாப் பொருளும் கால் பங்கு பெரிசாகத் தெரியும். பெரிசாகத் தெரிவதால் பக்கத்தில் இருப்பதுபோலத் தோன்றும். டம்ளரில் காப்பியை ஊற்றினால் தரையில் விழும். கோபுர வாசலின் கல்படியில் கால் வைத்தால் காற்றில் வைப்பார்கள். கண்ணாடியின் நட்டநடுவில் மட்டும்தான் தெளிவு. ஓரங்களில் வட்டமாக ஒரு குருட்டு வளையம். கிரிவலத்தில் பக்கவாட்டிலிருந்து வரும் சைக்கிள் திடீரென்று பூமியிலிருந்து முளைத்ததுபோல முன்னால் வந்து நிற்கும். அதனால் கண்ணைத் திருப்பாமல் கழுத்தோடு தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். ஒரு கண்ணில் மட்டும் அறுவை செய்திருந்தால் இன்னும் தொல்லை. இரண்டு கண்ணும் இரண்டு அளவில் படம் காட்டும். மூளையால் சேர்க்க முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கண்ணாடி உடையும். தொலையும். பேரக்குழந்தை எடுத்து மிதிக்கும். உடைந்தால் மறுபடி குருடுதான். மாற்றுக் கண்ணாடிக்கு அடுத்த முகாம் வரும்வரை காத்திருக்க வேண்டும். முகாம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

அப்படியானால் லென்ஸைக் கண்ணுக்கு வெளியே மூக்கின்மேல் வைக்காமல், இருந்த இடத்திலேயே உள்ளே வைத்துவிட்டால்?

*

1949ஆம் வருடம் திருவண்ணாமலை முழுக்க ஓர் அறுவைச் சிகிச்சையைப் பற்றித்தான் பேசியது. ரமண மகரிஷியின் இடது முழங்கையருகே வந்த சிறு கட்டியைப் பிப்ரவரியில் ஆசிரமத்திலேயே எடுத்தார்கள். அது திரும்ப வந்தது. மார்ச்சில் மறுபடி எடுத்தார்கள். புற்று என்று தெரிந்தது. ரேடியம் வைத்துப் பார்த்தார்கள். ஆகஸ்டில் மூன்றாவது அறுவை. கையையே எடுத்துவிடலாம் என்ற யோசனையை ரமணர் ஏற்கவில்லை. டிசம்பர் 19 அன்று நான்காவது அறுவை.

அதற்குச் சரியாக இருபது நாள் முன்பு, நவம்பர் 29 அன்று, லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் அறுவை அரங்கில் கதவைச் சாத்திக்கொண்டு ஹெரால்ட் ரிட்லி என்ற கண் மருத்துவர் நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி ஒருவரின் கண்ணைத் திறந்தார். உடன் இருந்தவர்களுக்கு வாய்ப்பூட்டு போட்டாகிவிட்டது. ஒருவரும் வெளியில் மூச்சுவிடக்கூடாது.

ஏன் இந்த ரகசியம்? ஒன்பது வருடம் பின்னால் போக வேண்டும்.

1940 ஆகஸ்ட். இங்கிலாந்து வானில் ஜெர்மன் விமானங்களோடு பிரிட்டிஷ் விமானிகள் மோதிக்கொண்டிருந்த நாட்கள். ஹரிகேன் விமானம் ஓட்டிய கார்டன் கிளீவர் என்பவரின் விமானக் கூண்டின்மேல் குண்டு பாய்ந்தது. அந்தக் கூண்டு கண்ணாடியால் ஆனதல்ல, பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. நொறுங்கிய சில்லுகள் இரண்டு கண்களிலும் ஏறின. ஒரு கண் போயிற்று. மறு கண்ணைக் காப்பாற்ற அறுவைமேல் அறுவையாக நடந்தது.

கண்ணுக்குள் அந்நியப் பொருள் எது போனாலும் கண் சும்மா இருக்காது. சிவக்கும், வீங்கும், சீழ் பிடிக்கும். கண் மருத்துவர்களுக்கு அது வேதவாக்கு. ஆனால் இந்த விமானியின் கண்ணில் தங்கிப்போன பிளாஸ்டிக் சில்லுகள் வருடக்கணக்கில் பேசாமல் கிடந்தன. கண் அவற்றோடு சமாதானமாகிவிட்டது. இதை ரிட்லி பார்த்தார், மனதில் போட்டுவைத்தார். வேறு பலரும்தான் பார்த்திருப்பார்கள்.

பிறகு ஒருநாள் ரிட்லி புரை அறுவை செய்வதை ஸ்டீவ் பெர்ரி என்ற மாணவர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். புரையை எடுத்தாயிற்று. கட்டுப்போடும் நேரம். எடுத்த லென்ஸுக்குப் பதிலாக வேறொன்றை வைக்கவில்லையே என்று மாணவர் கேட்டார். கண்ணியல் அறியாத பிள்ளையின் கேள்வி. நான் இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அந்த மாணவரைத்தான் நினைப்பேன். பாடம் முழுதாகத் தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்.

ரிட்லி, ரேய்னர் என்ற லென்ஸ் நிறுவனத்தின் ஜான் பைக்கைச் சந்தித்தார். கேவண்டிஷ் சதுக்கத்தில் நிறுத்திய காருக்குள் உட்கார்ந்து இருவரும் பேசினார்கள். விமானக் கூண்டுக்கான அதே பிளாஸ்டிக்கைக் கண்ணுக்கென்று தனியாகச் சுத்திகரித்துத் தர ஐ.சி.ஐ. நிறுவனம் ஒத்துக்கொண்டது. இயற்கை லென்ஸை அளந்து அதே வடிவில் ஒன்று செய்தார்கள்.

நவம்பர் 29 அன்று அந்த அம்மாவின் கண்ணிலிருந்து புரையை எடுத்தார். கண் தணியட்டும் என்று காத்திருந்து, 1950 பிப்ரவரி 8 அன்று லென்ஸை நிலையாக உள்ளே பொருத்தினார். கண் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் கணக்கு பிசகிவிட்டது. லென்ஸின் பவர் மிதமிஞ்சிப் போனதால் அந்த அம்மாவுக்கு மைனஸ் 18 அளவில் கிட்டப்பார்வை வந்துவிட்டது. ரிட்லி சோர்ந்துவிடவில்லை. கணக்கைத் திருத்திக்கொண்டு அடுத்த நோயாளிக்குப் போனார்.

(இரண்டு மாதம் கழித்து, ஏப்ரலில், திருவண்ணாமலைக்கு ஒரு லென்ஸ் வந்தது. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே பிரெசோன் கொண்டுவந்தது. ரமணரின் கடைசி நாட்களை அவர் எடுத்த படங்கள் வழியாகத்தான் உலகம் இன்றும் பார்க்கிறது. ஏப்ரல் 14 இரவு 8.47க்கு மகரிஷி மறைந்தபோது அவர் இந்த ஊரில்தான் இருந்தார்.)

லண்டனில் ரகசியம் காப்பாற்றப்பட்டது. இன்னும் சில நோயாளிகளைப் பல மாதம் தொடர்ந்து பார்த்துவிட்டு, அசைக்க முடியாத ஆதாரத்தோடு வெளியிடுவது ரிட்லியின் திட்டம். எல்லாம் சரியாகத்தான் போனது. ஆனால் லண்டனில் இன்னொரு ரிட்லி இருந்தார். பிரெடரிக் ரிட்லி. அவரும் கண் மருத்துவர். ஹெரால்டின் நோயாளி ஒருவர் மறுபரிசோதனைக்கு நாள் வாங்கும்போது பெயரைக் குழப்பிக்கொண்டு அந்த ரிட்லியின் அறைக்குள் நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்தார். விளக்கைப் பிடித்துக் கண்ணுக்குள் பார்த்தவருக்கு, அங்கே இருக்கவே கூடாத ஒன்று மின்னியது.

*

விஷயம் கசிந்தது. இனி மறைக்க வழியில்லை. 1951 ஜூலையில் ஆக்ஸ்போர்டில் கூடிய கண் மருத்துவர் மாநாட்டில் ரிட்லி மேடையேறினார். வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள் என்று லென்ஸ் பொருத்திய நோயாளிகள் இருவரைக் கூட்டி வந்திருந்தார். நீங்களே பாருங்கள் என்பதுதான் அதன் பொருள்.

சர் ஸ்டூவர்ட் டியூக் எல்டர் அன்றைய பிரிட்டிஷ் கண் மருத்துவத்தின் தலைமைப் பெருந்தகை. அவர் எழுதிய நூல்களைப் படிக்காமல் உலகில் யாரும் கண் மருத்துவராக முடியாது. சென்னை, மதுரை மாணவர்களும் அவற்றைத்தான் புரட்டினார்கள். அவர் அந்த நோயாளிகளைப் பார்க்கவே மறுத்துவிட்டார். பார்த்துவிட்டு மறுத்திருந்தால் அது விவாதம். பார்க்காமலேயே மறுத்தது அதிகாரம்.

எதிர்த்தவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ரிட்லியின் லென்ஸ் கனமானது. சில கண்களில் அதுவும் காசாமாட்டாவின் லென்ஸ் போலவே நழுவிப் பின்னால் விழுந்தது. சில கண்களில் அழுத்தம் ஏறியது. எடுத்துவிட வேண்டி வந்தவையும் உண்டு. லென்ஸைக் கிருமிநீக்க ஊறவைத்த மருந்தே கண்ணைப் புண்ணாக்கியது. ஆனால் யோசனை தவறென்றும் யோசனையைச் செயலாக்கிய விதம் தவறென்றும் பிரித்துப் பார்க்கும் பொறுமை பெரியவர்களுக்கு இல்லை. ரிட்லி கசந்துபோனார். 1971இல் ஓய்வு பெற்றார். 1977இல் அமெரிக்கர் ஸ்டீவன் ஷியரிங் இரண்டு மெல்லிய வளைகால்கள் வைத்த லேசான லென்ஸைக் கொண்டுவந்த பிறகுதான் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் நிலைபெற்றது. வளைகால்கள் இருபுறமும் முட்டிக்கொண்டு நிற்பதால் நழுவாது.

எண்பதுகளில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சோடாபுட்டி அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. ரிட்லிக்கே புரை வந்து, அதே செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் இரண்டு கண்ணிலும் லென்ஸ் வைத்துக்கொண்டார். 2000இல் தொண்ணூற்று மூன்று வயதில் சர் பட்டம் வந்து சேர்ந்தது. அடுத்த வருடம் போய்ச் சேர்ந்தார்.

நம் ஊரில்? முகாமில் அதே கேள்விதான். "ஆயா, எத்தனை விரல் தெரியுது?" "தெரியல கண்ணு, பொகையா இருக்குது." அதே அறுவை. அதே பிளஸ் பத்து கண்ணாடி.

*

இங்கே கதைக்குள் ஒரு ஜோடிக் கை வருகிறது. எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் 1918இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்த கோவிந்தப்ப வெங்கடசாமியின் கை. சென்னை ஸ்டான்லியில் 1944இல் மருத்துவப் படிப்பு முடித்தார். உறவுப் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்தவர் என்பதால் மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது ஆசை. ராணுவத்தில் மருத்துவராக இருந்து திரும்பியதும் முடக்குவாதம் பிடித்தது. வருடத்துக்கு மேல் படுக்கை. எழுந்தபோது கைவிரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் கோணி, கணுக்கள் வீங்கி, பேனாவைப் பிடிக்கவே முடியாத நிலை. மகப்பேறு மருத்துவம் கனவாகப் போயிற்று.

அந்தக் கையை வைத்துக்கொண்டு மனித உடம்பிலேயே நுணுக்கமான வேலை எதுவோ அதைக் கற்றுக்கொள்ளப் போனார். கண் அறுவை. கத்தியும் இடுக்கியும் சாதாரண விரல்களுக்காகச் செய்தவை. அவர் விரலில் நிற்காது. ஆகவே தன் கோணல் விரலுக்கு ஏற்பக் கருவிகளின் பிடியை மாற்றி வடிவமைத்துக்கொண்டார். மணிக்கணக்கில் பழகினார். முதலில் ஒன்று, பிறகு நாளைக்குச் சில, பிறகு நூறு. வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கண்களைத் திறந்த கை அது. கருவிக்கேற்பக் கையை வளைப்பதைத்தான் நமக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். அவர் தலைகீழாகச் செய்தார். பின்னால் நடந்ததற்கெல்லாம் இந்தப் பழக்கமே வேர் என்பது என் எண்ணம்.

1956இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் துறைக்கு வந்தார். அறுபதுகளில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் முகாம் போட்டார். 1976இல் ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு. அதே வருடம் மதுரையில் ஒரு வீட்டில் பதினொரு படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கியது. தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி என்று குடும்பமே உள்ளே இறங்கியது. பணம் கட்ட முடிந்தவர் கட்டட்டும், முடியாதவருக்கு இலவசம். மருத்துவர் ஒருவரே, அறுவை ஒன்றே.

அறுவை ஒன்றே என்பது எண்பதுகளில் பொய்யாகத் தொடங்கியது. லென்ஸ் வந்துவிட்டதல்லவா? வெளிநாட்டு லென்ஸ் ஒன்றின் விலை நூறு டாலரைச் சுற்றி இருந்தது. ரூபாயில் ஆயிரக்கணக்கில். கட்டணம் கட்டுகிறவருக்குக் கண்ணுக்குள் லென்ஸ். முகாமிலிருந்து வந்தவருக்கு மூக்கின்மேல் சோடாபுட்டி. ஒரே கூரை, இரண்டு பார்வை. வெளிநாட்டு நிறுவனங்கள் நன்கொடையாகக் கொடுத்த லென்ஸ்களை வாங்கிக் கொஞ்சம் பேருக்கு வைத்தார்கள். தானமாக வரும் பொருளை நம்பி லட்சக்கணக்கானவர்களுக்கு வைத்தியம் பார்க்க முடியுமா?

அந்த நன்கொடை லென்ஸ்களுக்குப் பின்னால் சேவா என்ற அமெரிக்க அமைப்பு இருந்தது. இதன் கதை தனி அத்தியாயத்துக்குத் தகும். நீம் கரோலி பாபாவைத் தேடி இமயமலை அடிவாரத்துக்கு வந்த அமெரிக்க இளைஞர்களில் லாரி பிரில்லியன்ட் ஒரு மருத்துவர். இந்தியாவில் பெரியம்மையை ஒழித்த உலகச் சுகாதார நிறுவனக் குழுவில் வேலை செய்தவர். அதே பாபாவைத் தேடி வந்த ராம் தாஸும் அவரும் நண்பர்களும் 1978இல் சேவாவைத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் பணம் கொடுத்தவர்களில் ஆப்பிள் கம்ப்யூட்டரின் ஸ்டீவ் ஜாப்ஸும் ஒருவர். ரமணாசிரமத் தெருவில் காவி வேட்டியோடு நடக்கும் வெள்ளைக்காரர்களைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் இதையும் கொஞ்சம் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

சேவாவில் டேவிட் கிரீன் என்றொருவர். நன்கொடை லென்ஸ் தேடி அலைந்த அவர் ஒரு கட்டத்தில் வேறு கேள்வி கேட்டார். இத்தனை விலை எதற்கு? கையில் எடுத்துப் பாருங்கள். ஆறு மில்லிமீட்டர் அகல வட்டம், இரண்டு வளைகால். எடை சுமார் இருபது மில்லிகிராம். இருபது மில்லிகிராம் பிளாஸ்டிக்குக்கு நூறு டாலரா? பொருளின் அடக்கவிலை சொற்பம். மீதியெல்லாம் இயந்திரம், நுட்பம், கூடவே வாங்குபவன் எவ்வளவு கொடுப்பான் என்ற கணக்கு.

அப்படியானால் மதுரையிலேயே செய்தால் என்ன?

*

சொன்னவுடன் எதிர்ப்பு நாலா பக்கத்திலிருந்தும் வந்தது. உலகளவில் கண் மருத்துவத் திட்டங்களை வகுத்த வல்லுநர்களில் பலர் வேண்டாம் என்றார்கள். அவர்கள் முட்டாள்களல்லர், ஒவ்வொரு காரணத்திலும் பொருள் இருந்தது. லென்ஸ் வைக்கப் புரையின் பின்னுறையை விட்டுவைக்க வேண்டும். அதற்கு மைக்ராஸ்கோப் வேண்டும், தலைமுடியைவிட மெல்லிய தையல் நூல் வேண்டும், பழகிய கை வேண்டும். பிற்பாடு அந்தப் பின்னுறையும் கலங்கலாம். அதைத் திறக்க லேசர் இயந்திரம் கிராமத்தில் எங்கே இருக்கிறது? ஒரு லென்ஸ் அறுவை செய்யும் நேரத்தில் பழைய முறையில் பலருக்குச் செய்யலாமே, பார்வையில்லாமல் காத்திருப்பவர்கள் வரிசையோ நீளமாக இருக்கிறதே.

எல்லாம் சரி. ஆனால் அந்த வாதங்களின் அடியில் ஒரு வாக்கியம் உட்கார்ந்திருந்தது: ஏழைக்கு இது போதும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வெங்கடசாமிக்கு அது கேட்டது. இரண்டு கண்ணும் தெரியாமல் வந்த விவசாயக் கூலிக்குச் சோடாபுட்டி கொடுத்தனுப்பினால், வரப்பில் தடுமாறி விழாமல் களையெடுக்க அவரால் முடிகிறதா என்று யாராவது போய்ப் பார்த்தார்களா? சும்மா இருக்கும் பணக்காரரைவிட உழைத்துச் சாப்பிடுகிறவருக்குத்தான் நல்ல பார்வை முதலில் வேண்டும்.

1992இல் மதுரையில் அரவிந்தின் லென்ஸ் தொழிற்சாலையான ஆரோலேப் தொடங்கியது. அமெரிக்காவில் படித்த பொறியாளர் டாக்டர் பாலகிருஷ்ணன் பொறுப்பேற்றார். நுட்பத்தை வெளியிலிருந்து வாங்கினார்கள். கைகள் உள்ளூர்க் கைகள். பன்னிரண்டாவது முடித்த கிராமத்துப் பெண்பிள்ளைகள். தலைமுதல் கால்வரை மூடிய வெள்ளை உடை, முகமூடி, தூசு புகாத அறை. பிளாஸ்டிக் வில்லையைக் கடைசல் இயந்திரத்தில் வைத்து வளைவு வெட்டுவார்கள். வளைகால்களை உருவாக்குவார்கள். பிறகு மெருகேற்றும் உருளைகளுக்குள் நாள்கணக்கில் சுழலவிடுவார்கள். ஓரத்தில் ஒரு சின்னக் கூர்மை மிச்சமிருந்தாலும் கண் அதை மன்னிக்காது. விமானியின் கண்ணில் கிடந்த சில்லுகூடக் கூர்முனை உறுத்தாத வரைதான் அமைதியாகக் கிடந்தது. கடைசியாக ஒவ்வொரு லென்ஸையும் மைக்ராஸ்கோப்பின் கீழ் ஒரு பெண் பார்ப்பார். கீறல், குமிழி, மங்கல், எது தெரிந்தாலும் கழித்துப் போடுவார். அவருடைய ஆயாவுக்கு வைக்கப்போகும் லென்ஸாக அது இருக்கலாம்.

விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. பின்னாளில் ஐந்து டாலருக்கும் கீழே போயிற்று. 1998இல் தையல் நூலையும் அங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். லென்ஸ் மலிவாகி நூல் வெளிநாட்டு விலையில் இருந்தால் என்ன பிரயோஜனம்?

விலை குறைந்தவுடன் வேறொரு புரளி கிளம்பியது. மலிவான லென்ஸ் மலிவான லென்ஸ்தான், நாலு வருஷத்தில் கண்ணே போய்விடும் என்று. கூடவே வல்லுநர்களின் பழைய சந்தேகமும் அப்படியே நின்றது. லென்ஸ் லண்டனில் சரி. வெயிலிலும் புழுதியிலும் வேலை செய்யும், மறுபரிசோதனைக்கு வராத, கிராமத்து ஏழையின் கண்ணில் சோடாபுட்டியைவிட அது நல்லதுதான் என்பதற்கு என்ன ஆதாரம்? உண்மையைச் சொன்னால், அந்தத் தேதிவரை யாரிடமும் ஆதாரம் இல்லை. வெங்கடசாமியிடமும் இல்லை.

ஆதாரம் தேட ஒரே வழிதான் இருந்தது, அது கொஞ்சம் கொடுமையான வழி. இரண்டு கண்ணும் புரையால் மறைந்த, நாற்பதிலிருந்து எழுபத்தைந்து வயதுக்குட்பட்ட 3,400 பேரை மதுரையில் சேர்த்தார்கள். யாருக்கு லென்ஸ், யாருக்குச் சோடாபுட்டி என்பதை மருத்துவர் தீர்மானிக்கவில்லை, நோயாளியும் தீர்மானிக்கவில்லை, காசும் தீர்மானிக்கவில்லை. சீட்டுக் குலுக்கியதுபோல் பிரித்தார்கள். ஒரு பாதிக்குப் பழைய அறுவையும் கண்ணாடியும். மறு பாதிக்குப் புதிய அறுவையும் லென்ஸும். ஒரு வருடம் கழித்து ஒவ்வொருவர் கண்ணையும் அளக்க வேண்டும். வல்லுநர்கள் சொன்னது சரியென்று வந்தால் ஆரோலேப்பின் இயந்திரங்களை மூடிவிட வேண்டியதுதான்.

அந்த அளவீட்டின் முடிவு 1998இல் அமெரிக்கக் கண் மருத்துவ இதழில் அச்சானது. அதில் என்ன இருந்தது, அதே காலத்தில் உலக வங்கிக் கடனோடு தமிழ்நாடு உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் நடந்துகொண்டிருந்த புரை ஒழிப்புத் திட்டத்தை அது எப்படிப் பாதித்தது என்பதை அடுத்த வாரம் சொல்கிறேன். அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் வேலூர், புதுச்சேரி மருத்துவமனைகள் இன்றும் முகாம் நடத்துகின்றன. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிப்போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வாருங்கள்.

(தொடரும்)